சவுக்கு நாற்றுக்கு நாலு நட்சத்திரம், நாட்டு மரக் கன்றுக்கு இரண்டு

திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் சவுக்கு போடுகிறவர்கள் நாற்றுக்குப் போய் நிற்கும் நர்சரிகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப்போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒரு இடத்தோடு நிற்பதில்லை. இந்தப் பக்கம் நான் ஏறி இறங்கிய நர்சரி எல்லாவற்றிலும் அதே கதைதான். நீங்கள் எங்கே வாங்கினாலும் இது பொருந்தும்.

மார்க் போடுகிறவன் யார் என்று தெரிந்தால்தான் மார்க்குக்கு மரியாதை. எனக்கு சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடை. இரும்பு ஜாக்கியும் பைப்பும் வந்த பிறகும் பூச்சு வேலைக்கு, வெள்ளையடிக்க, பந்தல் போட என்று சவுக்குக் கழி போய்க்கொண்டுதான் இருக்கிறது. கழியைக் கையில் தூக்கிப் பார்த்தே எத்தனை வருஷ மரம், சாரத்துக்குத் தாங்குமா என்று சொல்லிவிடுவேன். ஊரில் மூன்று ஏக்கர் மணல்பாங்கான நிலம் இருக்கிறது. அதில் ஒன்றரை ஏக்கர் குளோன் சவுக்கு வைத்தேன். சுற்றி வேலியோரத்துக்கும், ஓரமாக இருக்கும் மேட்டுத் துண்டுக்கும் நாட்டு மரக் கன்று வாங்கினேன். இரண்டும் ஒரே நர்சரி. சவுக்குக்கு இப்போது மூன்றாவது வருஷம் நடக்கிறது.

சவுக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

குளோன் நாற்று விதை போட்டு வருவதில்லை, ஒரு மரத்தின் துளிரிலிருந்து அதே மரத்தை நகலெடுப்பது. நர்சரியில் தாய்ப் பாத்தி என்று வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டி வெட்டி வைத்த சவுக்குச் செடிகள். அதிலிருந்து விரல் நீளத் துளிரைக் கிள்ளி, அடியை ஐ.பி.ஏ. என்கிற வேர்ப்பொடியில் தொட்டு, வெர்மிகுலைட் என்ற தாதுத் துகள் நிரப்பிய பிளாஸ்டிக் நாற்றுக் குப்பியில் செருகி, பாலித்தீன் கூடாரத்துக்குள் புழுக்கத்திலேயே வைக்கிறார்கள். கூடாரத்துக்குள் தலை நுழைத்தால் மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும் அளவுக்கு ஈரம். வேர் பிடித்ததும் நிழல்வலை, பிறகு வெயில். அந்த வேலை செய்யும் பெண்களின் கைவேகமும் சுத்தமும் பார்த்தபோதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

வந்த நாற்றிலும் குறை சொல்ல முடியாது. குப்பியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தேன். குப்பியின் உட்சுவரில் இருக்கும் வரிகளைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வேர்கள் நேராகக் கீழே இறங்கியிருந்தன. பாலித்தீன் பையில் வளர்த்த கன்றை உருவினால் வேர் அடியில் சுருண்டு கிடக்கும். அது நட்ட பிறகும் சுருண்டபடியே பருத்து, நாலாவது வருஷம் ஒரு காற்றுக்குச் சாயும். குப்பி நாற்றில் அந்தப் பயம் இல்லை. இன்னொரு நல்ல விஷயம், சவுக்கு வேர்முடிச்சை இடித்துக் கரைத்த தண்ணீரும் ஒரு கேன் கொடுத்தார்கள், கேட்காமலே. அந்த முடிச்சில் இருப்பது பிராங்கியா என்ற நுண்ணுயிர்; காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கும். மணலில் சவுக்கு பிழைப்பதே அதன் தயவில்தான். முன்பு சவுக்கே இல்லாத நிலமாக இருந்தால் அந்தத் தண்ணீரை ஊற்றாமல் நடாதீர்கள்.

ஐந்தடிக்கு ஐந்தடி நட்டேன். முதல் வருஷம் இடையில் மணிலா (நிலக்கடலை) போட்டேன், களை எடுக்கும் செலவு மிச்சம். இப்போது தோப்புக்குள் எந்த வரிசையின் முனையில் நின்று பார்த்தாலும் அடுத்த முனையில் வெளிச்சம் தெரிகிறது. அத்தனை நேர். விதை நாற்றுத் தோப்பை வெட்டினால் என்ன கிடைக்கும் என்று கடைக்கு வரும் லோடிலேயே தெரியும்: ஒரு பங்கு நல்ல கழி, ஒரு பங்கு வளைந்ததும் கவை விட்டதும், மீதி மிலாறு, அதாவது விறகுக்குப் போகும் சுள்ளி. குளோன் தோப்பில் நான் நடந்து பார்த்த வரை கழிக்கு ஆகாத மரம் என்று பொறுக்குவதற்குத் தேட வேண்டியிருக்கிறது. விதை நாற்று ஆயிரமாகக் கட்டி மலிவாகக் கொடுக்கிறார்கள், குளோன் ஒவ்வொன்றும் எண்ணிப் பல மடங்கு விலை. அந்த வித்தியாசம் கழியாக விற்கிறவனுக்கு வெட்டும்போதே திரும்பிவிடும். காகித ஆலைக்கு டன் கணக்கில் போடுகிறவர்களுக்கும் சரிதான். வெறும் விறகுக்கு என்றால் நான் விதை நாற்றே போதும் என்பேன்.

இதற்கு நாலு நட்சத்திரம். ஐந்தாவது ஏன் இல்லை என்பதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம்.

பில்லில் ‘சவுக்கு குளோன்’ என்று மட்டும் இருக்கிறது. எந்தக் குளோன்? கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம். 1988இல் தொடங்கியது. அவர்கள் வெளியிடும் சவுக்குக் குளோன்களுக்கு சி.ஜே., சி.ஹெச். என்று எழுத்தும் எண்ணும் உண்டு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி வெளியிடுவதற்கும் தனி எண். நர்சரிக்குத் தாய்ச்செடி வரும்போது எண்ணோடுதான் வருகிறது. நம் கைக்கு வரும்போது எண் காணாமல் போய்விடுகிறது. கேட்டேன்.

“எல்லாம் நல்ல குளோன்தாண்ணே. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே இருக்காது, எல்லாம் ஒரே அச்சு.”

“அதாம்பா கேக்கிறேன். ஒரே அச்சுன்னா ஒரே மரத்தோட கிளையா, இல்ல நாலஞ்சு மரத்தோடதா?”

“அதெல்லாம் யாரும் கேக்கறதில்லண்ணே.”

உண்மைதான், யாரும் கேட்பதில்லை. நாமே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். சவுக்கில் இலை என்று நாம் நினைக்கும் ஊசி உண்மையில் மெல்லிய தண்டு. அதைப் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும். கழன்ற முனையை உற்றுப் பார்த்தால் சுற்றிலும் பொடிப்பொடியாகப் பல் மாதிரி நிற்கும். அவைதான் இலை. நம் பழைய கடற்கரைச் சவுக்கில் ஏழெட்டுப் பல் இருக்கும். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜங்குனியானா இனத்தில் ஒன்பது முதல் பதினொன்று வரை. பேரனுடைய பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். என்னுடையதில் பத்து, பதினொன்று வந்தது. ஆக ஜங்குனியானா. இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. என் தோப்பு பூ எடுத்தபோது ஊசி நுனியெல்லாம் பழுப்பாக மகரந்தம். காய் ஒரு மரத்தில்கூட இல்லை. அத்தனையும் ஆண். விதையில் வந்திருந்தால் கலந்து வந்திருக்கும். ஒரே சமயத்தில் துளிர்க்கிறது, ஒரே சமயத்தில் பூக்கிறது, பட்டையில் வெடிப்பு விழும் விதம்கூட ஒன்று. ஒன்றரை ஏக்கரில் இரண்டாயிரத்து அறுநூறு சவுக்கு நிற்கிறது என்று மணியக்காரர் எழுதிக்கொள்ளலாம். எனக்கென்னவோ ஒரே மரம்தான் அத்தனை இடத்தில் நிற்கிறது என்றுதான் படுகிறது.

அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். இதுவரை ஒன்றும் இல்லை. ஆனால் சவுக்கில் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. பட்டை கொப்பளித்து வெடித்து உள்ளே கரிப்பொடி போல் பூசணம் உதிரும், மரம் காய்ந்துபோகும். விதைத் தோப்பில் அது இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றுவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பக்கத்து மரத்தின் உடல்வாகு வேறு. ஒரே குளோன் தோப்பில், அந்தக் குளோன் அந்த நோயைத் தாங்காது என்றால், ஒரு மரத்துக்கு வந்தது எல்லா மரத்துக்கும் வரத் தடை எதுவும் இல்லை.

தைல மரத்தில் இது நடந்தே இருக்கிறது. 2000ஐ ஒட்டி மத்தியதரைக் கடல் நாடுகளில் தென்பட்ட ஒரு சின்னக் குளவி, அடுத்த சில வருஷங்களிலேயே கர்நாடகம், தமிழ்நாடு என்று வந்துவிட்டது. கொசுவை விடச் சிறியது. இளந்துளிரில், இலையின் நடு நரம்பில் முட்டை வைக்கும். அந்த இடமெல்லாம் கணுக்கணுவாக வீங்கி, துளிர் சுருண்டு, செடி வளர்வதையே மறந்துவிடும். சில குளோன் வைத்த தோட்டம் அடியோடு குள்ளமாகிப் போனது. வேறு குளோன் வைத்த பக்கத்துத் தோட்டத்துக்கு அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை. கொடைக்கானல் கீழ்மலையில் விருப்பாச்சி வாழை பெருமளவு அழிந்ததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. முடிக்கொத்து நோயை அசுவினி ஒரு பக்கம் பரப்பியது, நோய் இருந்த பக்கக்கன்றையே எடுத்து எடுத்து நட்டது மறுபக்கம். கிழங்கு வழி வருவதால் மலை முழுக்க ஏறக்குறைய ஒரே உடம்பு.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று சொல்ல வேண்டும். சீனாவில் யுன்னான் மாகாணத்தில் 1998, 1999இல் ஆயிரக்கணக்கான ஏக்கர் நெல் வயலில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். அங்கே விலை போகும் பசை அரிசி ரகத்துக்குக் குலைநோய் அடிக்கடி வரும். அதைத் தனியாகப் போடாமல், நோய் தாங்கும் வீரிய ரகத்தின் சில வரிசைக்கு ஒரு வரிசை என்று இடையில் நட்டார்கள். தனியாக நட்டபோது இருந்ததைவிட பசை ரகத்தில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வருஷம் முடிவதற்குள் பூசண மருந்து அடிப்பதையே விட்டுவிட்டார்கள். 2000இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு அது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால் காரணம் ஒன்றாக இல்லை. பூசண விதை காற்றில் பறந்து போய் உட்கார்ந்தால் அடுத்த செடி அதற்கு இடம் கொடுக்காத ரகம், அது ஒன்று. பசை ரகம் உயரமானது, வீரிய ரகம் குட்டை, உயரமானது தலை நிமிர்ந்து காற்றும் வெயிலும் வாங்கியதால் இலையில் பனி சீக்கிரம் காய்ந்தது, அது இன்னொன்று. விதை வேறாக இருந்ததும் உயரம் வேறாக இருந்ததும் சேர்ந்து வேலை செய்தன.

நம் சவுக்குக்கு இதை அப்படியே செய்ய முடியாது. வேகமாக வளரும் குளோனையும் மெதுவாக வளரும் குளோனையும் ஒரே வரிசையில் கலந்தால் ஒன்று மற்றதை அமுக்கி, கழியின் பருமன் ஏறுக்குமாறாகிவிடும். பிறகு குளோன் வாங்கி என்ன பயன்? செய்யக்கூடியது இதுதான்: நாலைந்து குளோன் வாங்கி, பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒன்றாகப் பட்டை பட்டையாக நடுவது. பட்டைக்குள் ஒரே பருமன் கிடைக்கும். நோய் வந்தால் ஒரு பட்டையோடு போகும், இல்லாவிட்டாலும் அடுத்ததில் மெதுவாகும். இதற்கு நர்சரியில் செய்ய வேண்டிய வேலை அட்டைப்பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் எண் எழுதுவது மட்டுமே. தாய்ப் பாத்தியிலேயே எல்லாவற்றையும் கலந்து கிள்ளுகிற இடங்களும் இருக்கின்றன என்று கேள்வி. அங்கே வாங்கினால் பட்டையும் போடமுடியாது, எதில் நோய் வந்தது என்று கோவைக்குப் போன் செய்து சொல்லவும் முடியாது.

நாட்டு விதைச் சவுக்கு என்றால் கலப்பு தானாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. சவுக்கே நம் ஊர் மரமில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று கடற்கரை நெடுக நட்டது. அன்று வந்த விதையிலிருந்தே திரும்பத் திரும்ப எடுத்து வந்திருக்கிறோம். அதனால் நம் விதைச் சவுக்கின் மரபு வட்டம் குறுகல். அதனால்தான் 1990களில் பல நாட்டு விதைகளை வரவழைத்து மறுபடி சோதனைத் தோட்டம் போட்டார்கள். குளோனும் புதிதில்லை, 1950களிலேயே தாய்லாந்திலிருந்து ஒரு கலப்பு ஆண் சவுக்கு வந்து, குச்சி குச்சியாகவே பெருகியிருக்கிறது.

சரி, நாட்டு மரக் கன்றுக்கு வருவோம். இரண்டு நட்சத்திரம் கொடுத்தது அங்கேதான்.

கன்றுகள் பார்க்க நன்றாகவே இருந்தன. இலுப்பை, மகிழம், நாவல், புங்கன், வேம்பு, பூவரசு, அப்புறம் நான் குறிப்பாகக் கேட்டதால் பாலையும் வீரையும் கொஞ்சம். பையில் வளர்த்தவை, பெரிய பை, வேர் சுருளவில்லை. இலுப்பையைக் காட்டி நர்சரிக்காரர் பெருமையாகச் சொன்னார்: “கோயில் வாசல்ல இருக்கு பாருங்கண்ணே, நூறு வருஷத்து மரம், எல்லாம் அதோட கொட்டைதான்.” மகிழம் பள்ளிக்கூட மரத்தினுடையது. நாவல் அவர் மாமனார் தோட்டத்தில் நிற்கும் ஒரு மரம், பழம் பெரிசு. பூவரசு போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி வைத்தது. அதாவது அதுவும் குளோன்தான், நம் பாட்டன் காலத்துக் குளோன்.

இனம் எட்டு இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் தாய் ஒன்று. விற்பனைச் சீட்டில் இது பல்லுயிர்ப் பெருக்கம் என்று அச்சடித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சவுக்கில் ஒரே தாய் என்பதைவிட இலுப்பையில் ஒரே தாய் என்பதுதான் பெரிய குறை. சவுக்கு நாலு வருஷத்தில் லாரி ஏறிவிடும். பிடிக்காவிட்டால் அடுத்த நடவில் குளோனை மாற்றிக்கொள்ளலாம். இலுப்பை நமக்குப் பிறகும் நிற்கப் போகிறது. சுற்றி வேறு இலுப்பை இல்லாத இடத்தில் ஒரு தாயின் பிள்ளைகளை மட்டும் வைத்தால், அவை பூத்து, வௌவால் வந்து மகரந்தம் மாற்றினாலும், அது கூடப்பிறந்தவற்றுக்குள்தான். அப்படி வரும் விதையில் முளைப்பு குறையும், கன்று சோனியாக வரும், அடுத்த தலைமுறை இன்னும் மோசம். வனத்துக்கு விதை எடுக்கிறவர்களுக்கு இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு மரத்தில் அள்ளாதே. ஒன்றுக்கொன்று நூறு மீட்டராவது தள்ளி நிற்கும் பல மரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து போடு. பக்கத்துப் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் சொந்தமாக இருக்கும் என்பதால் அந்த இடைவெளி. பெரிய பழம் காய்க்கும் நாவலை மட்டும் தேடிப் போவது பழம் விற்க நல்லது, காடு வளர்க்க அவ்வளவு நல்லதில்லை.

வீரை விஷயத்தில் வேறொரு சிக்கல். வீரையில் ஆண் வேறு, பெண் வேறு, பனை மாதிரியே. இரும்பிலி மரமும் அப்படித்தான். கன்றில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. “ரெண்டு கொடுங்க” என்று வாங்கிப்போனால் இரண்டும் ஆணாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, பழமும் வராது, பழம் தின்னும் குருவியும் வராது. குறைந்தது எட்டுப் பத்து வேண்டும் என்று நர்சரியில் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும். சொல்வதில்லை. நான் கூடுதலாகக் கேட்டபோது அவரிடம் இருப்பும் இல்லை.

இந்த மரங்கள் நிஜமாக எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். கோயில் காடு என்பதால் தப்பிப் பிழைத்த துண்டு. ஓங்கி வளர்ந்த மரம் என்று அதிகம் இருக்காது, முப்பது நாற்பது அடிக்குள் தலை முட்டிக்கொண்டு நிற்கும். காசான், வீரை, பாலை. அதற்குக் கீழே அரை ஆள் உயரத்துக்குப் புதர், புதருக்குள் முளைத்து நிற்கும் அதே மரங்களின் சின்னக் கன்றுகள், எல்லாவற்றையும் பின்னிக்கொண்டு தொடை பருமனில் கொடி. வெளியே மணல் சுடும்போது உள்ளே காலடியில் ஈரச் சருகு. கடலூர், விழுப்புரம் கரையோரம் ஒரு காலத்தில் இருந்த உலர் பசுமைமாறாக் காடு இதுதான். 

நர்சரியில் இந்த அடுக்கு இல்லை. எல்லாம் உயர மரம். காசான் கேட்டேன், “அது புதராச்சே” என்றார். நொச்சி, ஆடாதொடை மூலிகைப் பக்கத்தில் தனியாக இரண்டு மூன்று தொட்டி. வேலியோரத்துக்கு வேண்டியதே இதுதான். ஒரு வரிசை உயர மரம் மட்டும் வைத்தால், சில வருஷத்தில் அடிக்கிளை உதிர்ந்து கீழே வெறிச்சென்று ஆகும். காற்று அந்தச் சந்தில் நுழைந்து இன்னும் வேகமாக அடிக்கும். வெளிப்பக்கம் புதர், அடுத்து நடுத்தரம், உள்ளே உயரம் என்று சாய்ந்து ஏறினால் காற்று மேலே தூக்கிக்கொண்டு போகும். வாழைத் தோட்டக்காரர்களுக்காகக் கோவை நிறுவனம் காற்றுத் தடுப்புக்கென்றே தனிச் சவுக்குக் குளோன் வெளியிட்டிருக்கிறது, கீழிருந்தே அடர்த்தியாகக் கிளை விடும். அதைக் கேட்டதற்கு நர்சரியில் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள்.

காற்றைப் பற்றி நான் இத்தனை சொல்வதற்குக் காரணம் ‘தானே’ புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு போனது எல்லாருக்கும் தெரியும். ஆரோவில்லில் ஆரம்ப காலத்தில் செம்மண்ணைப் பிடித்து நிறுத்த வைத்த ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அதன் நிழலில் வைத்திருந்த நம் ஊர்க் குறுமரங்கள் பெரும்பாலும் நின்று, மேலே வெளிச்சம் கிடைத்ததும் கிளம்பிவிட்டன என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். சவுக்குத் தோப்புகளில் என்ன நடந்தது என்பதை நான் கடையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அடுத்த மாதம் முழுக்க முறிந்த இளங்கழியை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரே வயது, ஒரே உயரம். எந்தக் காற்றில் ஒன்று முறியுமோ அதில் பக்கத்து மரமும் முறியும். அடியில் அடுத்ததாகத் தலையெடுக்க எதுவும் இல்லை. அதற்காக யாரும் சவுக்கை விட்டுவிடச் சொல்லவில்லை, நானே விடவில்லை. அதைச் சுற்றி நிற்பது வேறு மாதிரி இருக்க வேண்டும் என்கிறேன்.

நர்சரியில் மியாவாக்கி பேக்கேஜ் ஒன்றும் விற்கிறார்கள். சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று, குழி, உரம், நடவு கூலி சேர்த்து ஒரு விலை. மேட்டுத் துண்டுக்குக் கேட்டுப் பார்த்து வேண்டாம் என்றேன். பட்டியலில் பாதி தூங்குமூஞ்சியும் பாதாமும். அகிரா மியாவாக்கி சொன்னது அந்த இடத்தில் இயல்பாக எந்தக் காடு இருந்ததோ அதன் மரம், குறுமரம், புதர் எல்லாவற்றையும் நெருக்கி வை என்பது. நெருக்கம் மட்டும் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மற்ற சேவை பற்றிச் சுருக்கமாக. குட்டியானையில் ஏற்றி நிலத்தில் இறக்கித் தருகிறார்கள், ஏற்றுகூலி தனி. குப்பிக்கு முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். திருப்பிக் கொடுத்ததும் முனகாமல் தந்தார்கள், விரிசல் விட்ட குப்பிக்கு மட்டும் கழித்தார்கள், நியாயம். பட்டுப்போன நாற்றுக்கு முதல் மாதத்துக்குள் சொன்னால் மாற்று உண்டு. போன் எடுப்பார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கூட்டம் சேரும், ஆவணியிலேயே சொல்லி வையுங்கள்.

நீங்கள் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். சவுக்கு என்றால் எண் என்ன, வேறு எந்த எண் இருக்கிறது, பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தருவீர்களா என்று. நாட்டு மரம் என்றால் எத்தனை மரத்தின் விதை என்று. காசான் வரவழைத்துத் தருவீர்களா என்று. நான் அடுத்த ஒரு ஏக்கருக்கு நாலு எண்ணாகப் பிரித்து, பில்லில் எழுதித் தந்தால்தான் முன்பணம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். “உங்களுக்காகத் தனியா கிள்ள வைக்கணும்ணே, நாற்றுக்கு அம்பது காசு கூட ஆகும்” என்றார். கொடுக்கலாம்.